நோய்முதல் – 27: வெள்ளியில் தெரிந்த இருவர்

1907-ம் ஆண்டு. அமெரிக்காவில் வெவ்வேறு இடங்களில் இரண்டு மருத்துவர்கள் ஒரே காரியத்தைச் செய்தார்கள். இறந்துபோனவர்களின் உடலிலிருந்து எடுத்த திசுத் துணுக்கை வெள்ளி உப்புக் கரைசலில் ஊறப்போட்டு, மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் கண்ணுக்கும் கருப்பாக ஏதோ தென்பட்டது. அதைக் கட்டுரையில் குறித்துவைத்துவிட்டு இருவருமே வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். இந்த வாரக் கதை அந்த இரண்டு கருப்புப் புள்ளிகளைப் பற்றியது. ஒன்றுக்கு அடையாளம் கிடைக்க 85 வருடம் ஆயிற்று. இன்னொன்றின் உறவுக்காரக் கிருமி நூறு வருடம் கழித்து ஒரு சிறுவனின் மூளைநீரில் அகப்பட்டது.

சென்ற வாரம் கிராம் சாயத்தைப் பார்த்தோம். அந்த ஊதாச் சாயம் சரியாகப் பிடிக்காத கிருமிகளும் உண்டு. அவற்றுக்காக பாரிஸில் கான்ஸ்டன்டின் லெவடிட்டி ஒரு வித்தையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்குப் புதிய சங்கதியே இல்லை அது. திசுவை நாள்கணக்கில் வெள்ளி நைட்ரேட்டில் ஊறவிட்டால் வெள்ளி கிருமியின் மேல் படியும். பிறகு பைரோகேலிக் அமிலத்தில் போட்டால் படிந்த வெள்ளி கருத்துவிடும். மஞ்சள் பூத்த திசுவில் மயிரிழை போலக் கருங்கோடுகள் தெரியும்.

முதலாமவர் ஜார்ஜ் ஹாய்ட் விப்பிள். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பிணப் பரிசோதனை செய்கிற இளம் மருத்துவர். அவர் மேஜைக்கு வந்த உடல், 36 வயதான ஒரு மிஷனரி டாக்டருடையது. மூட்டுவலியில் ஆரம்பித்து, வயிறு போய், உடம்பு உருகி இறந்தவர். அறுத்துப் பார்த்தால் குடலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் கொழுப்பு அடைந்து கிடந்தது. வெள்ளிச் சாயமிட்ட ஒரு சீவலில் குச்சி குச்சியாக ஏராளமான உருவங்கள். விப்பிள் அதை எழுதத்தான் செய்தார். ஆனால் கொழுப்பு செரிமானக் கோளாறு என்றுதான் அவர் மனம் போயிற்று. நோய்க்கு வைத்த பெயரிலும் கொழுப்புதான் இருந்தது; கிருமி இல்லை.

இரண்டாமவர் ஸ்டிம்சன், அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறைக்காரர். அவர் கையில் இருந்தது, மஞ்சள் காய்ச்சலில் செத்ததாகப் பதிவாகியிருந்த ஒருவரின் சிறுநீரகம். அதில் சுருள் சுருளான கிருமிகள் தெரிந்தன. நுனி கொக்கி போல வளைந்திருந்தது. பார்க்கக் கேள்விக்குறி மாதிரி இருந்ததால் ‘இன்டெரோகன்ஸ்’, அதாவது ‘கேட்பது’ என்று பெயரிட்டார். கிருமி உலகத்தில் இத்தனை பொருத்தமான பெயர் வேறு இருக்குமா தெரியவில்லை. அது கேட்ட கேள்வி அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. 1915-ல் ஜப்பானில் இனாடாவும் இடோவும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைத் தாக்கிய மஞ்சள்காமாலைக் காய்ச்சலின் காரணத்தைப் பிடித்தபோதுதான், ஸ்டிம்சன் பார்த்தது அந்தக் குடும்பத்துக் கிருமி என்று விளங்கியது. லெப்டோஸ்பைரா. நம் ஊர்ப் பெயர், எலிக்காய்ச்சல்.

ஆக, கண்ணால் கண்டாகிவிட்டது. பின்னே என்ன தடை?

ராபர்ட் காஹ் வகுத்த நியதிதான் தடை. கிருமியைப் பார்த்தால் போதாது, தனியே பிரித்து வளர்த்துக் காட்ட வேண்டும். ஃபன்னி ஹெஸ்ஸே சமையலறையிலிருந்து எடுத்துக்கொடுத்த கடல்பாசிக் கூழ் ஊற்றிய தட்டில் அது முளைக்க வேண்டும். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் ‘கல்ச்சருக்கு அனுப்பியிருக்கோம், ரெண்டு நாள் ஆகும்’ என்று சொல்கிறார்களே, அது காஹ் போட்ட பாதைதான். முளைக்கிற கிருமிக்கு இது ராஜபாட்டை. முளைக்காததற்கு? லெப்டோஸ்பைரா தட்டில் வளரும், ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் நோயாளி பிழைத்திருப்பார் அல்லது போயிருப்பார். விப்பிளின் குச்சிக் கிருமி எதிலுமே வளரவில்லை. 1950-களில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் நோய் கேட்கிறது என்று தெரிந்தது. 1961-ல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் குச்சிகளைத் துல்லியமாகக் காட்டியது. கிருமிதான் என்பதில் சந்தேகம் தீர்ந்தது. எந்தக் கிருமி என்பதற்கு விடையில்லை. முகம் தெரிகிறது, மருந்துக்கு அடங்குகிறது, ஊர் பேர் தெரியாது.

வளர்க்க முடியாததற்கு இன்னொரு வழி, நோயாளியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடுவது. அதிலும் ஒரு சங்கடம். எந்தக் கிருமியின் எதிர்ப்பொருள் என்று டாக்டர் முதலில் ஊகிக்க வேண்டும். நம் கிராமத்து டாக்டர், காய்ச்சலும் சிவந்த கண்ணுமாக வருகிறவரிடம் “வயல்ல இறங்கி வேலை பார்த்தீங்களாய்யா? கால்ல வெட்டுப்பட்டிருக்கா?” என்று கேட்பார். எலியின் சிறுநீர் தேங்கிய தண்ணீரில் கலந்து, காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியே கிருமி ஏறுவது அவருக்குப் பழகிய விஷயம். பனிப்பிரதேசத்து டாக்டருக்கு அந்தக் கேள்வி வாயில் வருமா? ஊகம் தோன்றவில்லை என்றால் சோதனையும் இல்லை.

ஊகிக்காமலே கேட்கிற வித்தைக்கு விதை போட்டவர் நோயைப் பற்றி நினைத்தவரே இல்லை. கார்ல் வோஸ் என்ற அந்த மனிதர் இலினாய் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு, உலகத்து உயிர்களுக்கெல்லாம் ஒரு வம்சாவளி எழுத ஆசைப்பட்டார். எல்லா உயிரின் செல்லிலும் புரதம் தைக்கிற தையல் இயந்திரம் ஒன்று உண்டு, ரைபோசோம். அதில் ஓர் ஆர்என்ஏ இழை. ஈ.கோலை பாக்டீரியாவில் அதன் நீளம் 1,542 எழுத்து. வோஸ் அந்த இழையில் கதிரியக்க பாஸ்பரஸை ஏற்றி, துண்டாக்கி, எக்ஸ்ரே பிலிமில் பதியவைத்தார். பிறகு விளக்குமேஜையின் மேல் பிலிமை விரித்து, கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு நாள், ஒரு மாதம் அல்ல, வருடக்கணக்கில். 1977-ல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும், ஆர்க்கியா என்ற தனிக் குலமே ஒன்று இருக்கிறது என்று அறிவித்தார்கள்.

நமக்கு வேண்டியது குலம் அல்ல, அந்த இழையின் அமைப்பு. அதில் சில பகுதிகள் எல்லா பாக்டீரியாவிலும் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். இடையிடையே சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். ஒரே தச்சன் செய்த வாசல்நிலைகள் கொண்ட தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். நிலை எல்லா வீட்டுக்கும் ஒன்று, வாசலில் போட்ட கோலம் வேறு வேறு. பிசிஆர் வந்ததும் (ஒரு டிஎன்ஏ துண்டைக் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் அந்த உத்தியின் கதை 24-ம் அத்தியாயத்தில் வந்தது) நிலையைப் பிடித்துக்கொண்டு கோலத்தை நகலெடுக்க முடிந்தது. வீட்டுக்காரர் யாரென்று முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. கோலத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ரெல்மன் இதை நோயாளியின் திசுவில் போட்டுப் பார்த்தார். 1992-ல் விப்பிள் நோயாளியின் குடல் திசுவிலிருந்து 1,321 எழுத்துகள் வந்தன. எந்தப் பட்டியலிலும் இல்லாத வரிசை, ஆக்டினோமைசீட் என்ற மண்வாழ் கூட்டத்தின் தூரத்து உறவு. பரிசோதித்த 5 விப்பிள் நோயாளிகளிடமும் அதே வரிசை இருந்தது. நோயில்லாத 10 பேரிடம் இல்லை. டிரோஃபெரிமா என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ‘உணவுக்குத் தடை’ என்று பொருள். ஒருவர்கூடத் தட்டில் வளர்த்துப் பார்க்காத கிருமிக்குக் கையில் முகவரிச் சீட்டு வந்துவிட்டது. விப்பிள் பிற்பாடு ரத்தசோகை ஆராய்ச்சிக்காக 1934-ல் நோபல் வாங்கியவர், 97 வயதுவரை வாழ்ந்தவர். இருந்தும் 1976-ல் கண்ணை மூடும்வரை, தான் பார்த்த குச்சி யாரென்று அவருக்குத் தெரியாது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கப்புறம் வருகிற திருப்பம்தான். 2000-ல் பிரான்சின் மார்செய் நகரில் டிடியே ராவுல் குழு, ஒரு நோயாளியின் இதய வால்விலிருந்து எடுத்த அந்தக் கிருமியை மனித செல்களுக்குள் வைத்து ஒருவாறு வளர்த்துவிட்டது. 2003-ல் அதன் முழு மரபுத்தொகுதியும் படிக்கப்பட்டது. பத்து லட்சம் எழுத்துகூட இல்லை; ஈ.கோலையில் ஐந்தில் ஒரு பங்குதான். படித்தவர்கள் கவனித்தார்கள்: புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் பலவற்றைத் தயாரிக்கிற மரபணுவே இதனிடம் இல்லை. சமைக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டில் சாப்பிட்டே வளர்ந்த பிள்ளை! எது எது இல்லையோ அதையெல்லாம் ஊட்டக் கரைசலில் கலந்து கொடுத்தார்கள். கிருமி மனித செல்லின் தயவில்லாமல் வளர்ந்தது. வளர்த்தால்தான் அடையாளம் என்ற காஹின் நியதி தலைகீழானது. எழுத்தைப் படித்துத் தெரிந்துகொண்டு, அதற்கப்புறம் வளர்த்தார்கள்.

இனி அந்தச் சிறுவனின் கதை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 14 வயதுப் பையன். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எஸ்சிஐடி என்ற குறைபாடு, அதற்காக எலும்புமஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவன். காய்ச்சல், தலைவலி என்று நான்கு மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு வந்தான். மூன்றாம் முறை மூளையில் நீர் கோத்து, வலிப்பு நிற்காமல் வந்தது. மருந்து கொடுத்து வேண்டுமென்றே மயக்கத்தில் வைத்தார்கள். சோதனைகள் ஒன்றிலும் துப்புக் கிடைக்கவில்லை. கடைசியில் மண்டையோட்டைத் திறந்து மூளைத் திசுவையே கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை.

அவனுடைய மூளைநீர் மாதிரி, சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்குப் போயிற்று. அங்கே சார்ல்ஸ் சியூ, ஜோசஃப் டிரிஸி. டிரிஸி 2003-ல் சார்ஸ் வைரஸை அடையாளம் காண உதவிய ‘வைரோசிப்’பைச் செய்தவர். இந்த முறை சிப் இல்லை. கோலத்தை மட்டும் நகலெடுக்கும் பழைய வேலையும் இல்லை. தெருவையே அள்ளிக்கொள்வது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரில் என்னென்ன டிஎன்ஏ, ஆர்என்ஏ உண்டோ அத்தனையையும் பிரித்து, சிறு துண்டுகளாக்கி, விரல் அகலக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்தார்கள். ஒவ்வொரு துண்டும் தன் ஜோடியிழையை எழுத்து எழுத்தாகக் கட்டும்போது எழுத்துக்கு ஒரு நிறமாக மினுக்கும். கேமரா அந்த மினுக்கலைப் படம்பிடித்துக்கொண்டே இருக்கும்.

30,63,784 துண்டுகள் வந்தன. அநேகமாக எல்லாம் பையனுடைய சொந்த டிஎன்ஏதான். அவற்றைக் கழித்துவிட்டு, மிச்சத்தை உலகத்தில் இதுவரை படித்த உயிர்களின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. முப்பது லட்சம் அரிசியை அளந்தால் பெரிய மூட்டை ஒன்று நிறையும். அதில் கல் எத்தனை என்று கேட்டால் விடை 475. ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சத்துக்கு ஒன்று. கையால் பொறுக்கினால் ஆயுள் போதாது. இவர்கள் எழுதிய நிரல் ஒன்றரை மணி நேரத்தில் பொறுக்கிக் கொடுத்தது. அந்த 475 துண்டுகளுமே லெப்டோஸ்பைரா. மாதிரி வந்துசேர்ந்து 48 மணி நேரம்கூட ஆகவில்லை.

எலிக்காய்ச்சல்! பையன் முந்தைய வருடம் கரீபியக் கடலில் உள்ள புவேர்த்தோ ரீக்கோ தீவுக்குப் போயிருந்தான். ஸ்டிம்சன் வெள்ளியில் பார்த்த கேள்விக்குறியின் நெருங்கிய உறவுக்காரன், சான்டரோசாய் என்ற இனம், மூளைநீரில் மறைந்து கிடந்திருக்கிறது.

விடை கிடைத்தும் ஒரு முட்டுக்கட்டை. சியூவின் அறை ஆராய்ச்சிக்கூடம். நோயாளிக்கு மருந்து எழுத ஆதாரமாகும் முடிவைச் சொல்ல, அமெரிக்கச் சட்டப்படி சான்றளித்த பரிசோதனைக்கூடமாக இருக்க வேண்டும். வழக்கமான எலிக்காய்ச்சல் சோதனைகள் செய்து பார்த்தால், அவை ‘இல்லை’ என்றன. எதிர்ப்பொருள் சோதனை என்பது நோயாளியின் உடம்பையே சாட்சிக்கூண்டில் ஏற்றுவது. இவனுக்கோ அந்தச் சாட்சி வாய் திறப்பதே அரிது. எதை நம்புவது? மருத்துவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. எலிக்காய்ச்சலுக்கு மருந்து பெனிசிலின். விலை மலிவு, ஆபத்து குறைவு. தப்பாகவே இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை, சரியென்றால் உயிர். கொடுத்தார்கள். 32 நாளில் பையன், நோய்க்கு முந்தைய நிலையை அநேகமாக எட்டி, வீட்டுக்குப் போனான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிற்பாடு பிசிஆரிலும் எதிர்ப்பொருள் சோதனையிலும் லெப்டோஸ்பைராதான் என்று உறுதிசெய்தது. 2014 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் விவரம் வெளியானபோது உலகமெங்கும் பேச்சாயிற்று. நவீன இயந்திரத்தின் வெற்றி என்று எழுதினார்கள். மருந்து என்னவோ ஃபிளெமிங் காலத்தில் பூஞ்சையில் பிறந்த மருந்துதான்.

அந்த மருந்தே வேறாக, விஷத்தன்மை மிகுந்ததாக இருந்திருந்தால் கணக்கு எப்படிப் போயிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. 475 துண்டு ஆயிற்றே, தைரியமாகச் சொல்லலாம். 4 துண்டு வந்திருந்தால்? ஆய்வகத்தில் டிஎன்ஏ பிரிக்கிற ரசாயனப் புட்டிக்குள்ளேயே மண், தண்ணீர் பாக்டீரியாக்களின் டிஎன்ஏ ஒட்டிக்கொண்டிருக்கும். சீல் உடைக்காத புட்டியிலும் இருக்கும். ஊசி குத்திய தோலிலிருந்து சில வரும். அதனால் நல்ல ஆய்வகங்களில் நோயாளியின் குழாய்க்குப் பக்கத்தில் வெறும் தண்ணீர் நிரப்பிய குழாய் ஒன்றையும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கூடவே ஓட்டுகிறார்கள். தண்ணீரிலும் அதே கிருமி தெரிந்தால் அது நோய் இல்லை, அழுக்கு. இன்னொன்று, எழுத்து கிடைத்தால் கிருமி வந்துபோயிற்று என்று தெரியும். உயிரோடு இருக்கிறதா, செத்த பிணமா என்று எழுத்து சொல்லாது.

ஒரு பையன் பிழைத்ததை வைத்து ஒரு முறையை எடைபோட முடியாது என்பது சியூ குழுவுக்கும் தெரியும். 8 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டு, மூளைக்காய்ச்சல், மூளை அழற்சி போன்ற நோயோடு வந்த 204 பேரைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பாக்டீரியா மட்டுமல்ல, வைரஸ், பூஞ்சையும் அதில் சேர்த்தி. மொத்தம் 57 பேரிடம் 58 தொற்றுகள். அவற்றில் 13-ஐ வரிசை படித்தல் மட்டுமே பிடித்தது. 19-ஐ இரண்டு வழியும் பிடித்தன. மீதி 26 தொற்றுகளைப் புதிய முறை கோட்டைவிட்டது. அவற்றில் 11, எதிர்ப்பொருள் சோதனையில் மட்டுமே அகப்பட்டவை. கிருமி மூளைநீரை விட்டே போயிருந்தது, உடம்பின் ஞாபகம் மட்டும் பாக்கி. பையன் விஷயத்தில் திணறிய அதே சாட்சி இங்கே வாய் திறந்திருக்கிறது. இந்த 26-ஐ மறைக்காமல் அச்சிட்டார்களே, அதற்காகவே அந்தக் கட்டுரை மேல் எனக்கு மரியாதை.

கல்ச்சர் தட்டை ஓரம் கட்டிவிட முடியாததற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதைத் தட்டு நேரடியாகக் காட்டும். மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழுந்தால் அது கேட்கிற மருந்து. மூட்டையில் பொறுக்கிய 475 துண்டில் மருந்தெதிர்ப்பு மரபணு சிக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கிருமியைத் தனியே வளர்த்துவிட்டால் அதன் முழு மரபுத்தொகுதியையும் படித்து எதிர்ப்பைக் கணிக்கலாம். காசநோய்க்கு இங்கிலாந்து 2017 முதல் இதை வழக்கமாகவே செய்கிறது. ஆனால் அதற்கும் முதலில் வளர்க்க வேண்டும். சுற்றிச் சுற்றி ஃபன்னி ஹெஸ்ஸேயின் கடல்பாசிக்கே வந்து நிற்கிறோம்.

இதுவரை பார்த்தது ஒரு நோயாளி, ஒரு கிருமி. ஓர் ஊரே ஒரே சமயத்தில் ரத்தக் கழிச்சலில் விழுந்து, சிறுநீரகம் பழுதாகிப் படுத்தால் என்ன செய்வது? 2011 மே மாதம் ஜெர்மனியின் வடக்கே அதுதான் நடந்தது. முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்து, விவசாயிகள் விளைந்ததைக் கொட்ட இடமில்லாமல் தவித்தார்கள். ஹாம்பர்க் ஆஸ்பத்திரியிலிருந்து கிருமியின் டிஎன்ஏ சீனாவின் ஷென்ஜென் நகருக்குப் போனது. மூன்றே நாளில் அதைப் படித்து, உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் அலசட்டும் என்று இணையத்தில் போட்டார்கள். கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நின்றது, நம் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் இருக்கிற வெந்தயம். அது அடுத்த வாரம்.

(தொடரும்)